நெல்லூரைத் தாண்டிய பிறகு: தனியாகச் சைக்கிளில் வந்து வடசென்னையில் வீடு சேர்வது

கொல்கத்தா பக்கமிருந்தோ விசாகப்பட்டினத்திலிருந்தோ தனியாகச் சைக்கிள் மிதித்துக்கொண்டு வருகிறீர்கள். நெல்லூர் வந்துவிட்டது. வீடு தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ வியாசர்பாடியிலோ. இன்னும் 175 கிலோமீட்டர் சொச்சம்தான் பாக்கி, கால் நன்றாகப் பழகியிருக்கிறது, விடியற்காலையில் கிளம்பி ஒரே மிதியாக மிதித்தால் ராத்திரி வீட்டில் ரசம் சோறு என்று மனசு கணக்குப் போட ஆரம்பிக்கும். அந்தக் கணக்கைக் கலைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கணக்குப்படி வந்தால், பகல் முழுக்க மிதித்துச் சோர்ந்த உடம்போடு, இருட்டிய பிறகு, மீஞ்சூருக்கும் மணலிக்கும் நடுவே கன்டெய்னர் லாரிகளுக்குள் மாட்டிக்கொண்டு நிற்பீர்கள். வந்த வழியில் இதைவிட மோசமான சாலை அதிகம் இருந்திருக்காது. அதுவும் நம்ம ஏரியாதானே என்கிற மிதப்பில் வருவீர்கள், புது ஊரில் காட்டிய ஜாக்கிரதையில் பாதிகூட இருக்காது. கூட ஓர் ஆள் இருந்தாலாவது "போதும்பா, இங்கேயே படுத்துடலாம்" என்று சொல்லுவார். தனி ஆளுக்கு அதைச் சொல்ல ஆள் கிடையாது, சாயங்காலம் ஐந்து மணிக்குக் களைத்த மூளையை நம்பி முடிவெடுக்கவும் கூடாது. அதனால் தெளிவாக இருக்கும்போதே, நெல்லூரிலேயே, எந்தெந்த ஊரில் நிறுத்துவது என்று முடிவு செய்து ஒரு காகிதத்தில் எழுதிப் பையில் வைத்துவிடுங்கள்.

மூன்று நாளாகப் பிரிப்பது

என் சிபாரிசு இதுதான். முதல் நாள் நெல்லூரிலிருந்து சூலூர்பேட்டை, சுமார் 95 கிலோமீட்டர். இரண்டாம் நாள் சூலூர்பேட்டையிலிருந்து பொன்னேரி, 50 கிலோமீட்டர் வரும். மூன்றாம் நாள் பொன்னேரியிலிருந்து வீடு, 30 சொச்சம். கடைசி நாள்தான் மூன்றிலும் சின்னது. அதை ஒரு காலை நேர வேலையாக, வெயில் ஏறும் முன்னால் முடித்துவிட வேண்டும்.

"30 கிலோமீட்டருக்காக ஒரு ராத்திரி லாட்ஜ் செலவா?" என்று கேட்பீர்கள். ஆமாம், அதேதான். பயணம் முழுக்க டீக்கடை பெஞ்சிலும் கோயில் மண்டபத்திலும் படுத்து மிச்சம் பிடித்த காசை இங்கே செலவு பண்ணுங்கள். சூலூர்பேட்டையில் ஸ்ரீஹரிகோட்டா பக்கத்தில் இருப்பதால் லாட்ஜ்கள் உண்டு, தமிழும் நன்றாகவே செல்லும். ராக்கெட் ஏவும் நாளாக இருந்தால் மட்டும் அறை கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கும்மிடிப்பூண்டியில் சிப்காட்டுக்கு வந்து போகிறவர்களால் லாட்ஜ்கள் ஓடுகின்றன, பொன்னேரியில் குறைவு. பொன்னேரியில் கிடைக்கவில்லை என்றால் கும்மிடிப்பூண்டியிலேயே தங்கிவிடலாம், மறுநாள் கூடுதலாகப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், அவ்வளவுதான். எங்கே தங்கினாலும் அறை வாடகையைக் கேட்பதற்கு முன்னால் "சைக்கிளை உள்ளே ஏத்திக்கலாமா?" என்று கேட்டுவிடுங்கள். கடைசி ரெண்டு நாளில்தான் பூட்டுப் போடுவதில் அலட்சியம் வரும். ஆயிரம் கிலோமீட்டர் பத்திரமாக வந்த சைக்கிள் வீட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் காணாமல் போனால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கிழமையும் முக்கியம். கடைசி நாள் ஞாயிறாக அமைந்தால் சாலை கொஞ்சம் மூச்சுவிடும். செவ்வாய்க்கிழமையாக இருந்தால், சிறுவாபுரி முருகன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தால் தச்சூருக்கும் காரனோடைக்கும் இடையில் கார்களும் வேன்களும் திரும்பிக்கொண்டே இருக்கும், அதை மனதில் வையுங்கள். ஜனவரியில் வருகிறீர்கள் என்றால் போகி அன்று காலையில் மட்டும் ஊருக்குள் நுழையாதீர்கள். டயர் எரிக்கக் கூடாது என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லத்தான் செய்கிறார்கள். இருந்தாலும் மார்கழிப் பனியும் புகையும் கலந்து எதிரே வருகிற வண்டியே தெரியாத காலை அது, மூச்சிரைக்க மிதிக்கிற ஆளுக்கு அது வேறு மாதிரி தண்டனை.

வீட்டில் சொல்லும்போது கிழமையை மட்டும் சொல்லுங்கள், மணியைச் சொல்லாதீர்கள். "ஞாயித்துக்கிழமை நாஷ்டாவுக்கு வந்துடறேன்" என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து விழுந்தால் போதும், ஏழு மணியிலிருந்து போன் அடிக்க ஆரம்பித்துவிடும், நீங்களும் ஒரு கையில் போனை எடுத்துக்கொண்டு லாரிக்குப் பக்கத்தில் ஓட்டுவீர்கள். ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் இருப்பிடத்தைப் போனில் பகிர்ந்துவிட்டு, மற்றவர்களை அவரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லிவிடலாம்.

நெல்லூரில் செய்ய வேண்டிய வேலை

முதலில் சுமையைக் குறையுங்கள். கூடாரம், படுக்கை, அடுப்பு, படித்து முடித்த புத்தகம் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் தைத்துத் தபால் பார்சலில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். கேஸ் குப்பி மட்டும் தபாலிலும் போகாது, ரயிலிலும் எடுத்துப் போகக் கூடாது, அதை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். பின்னால் எட்டுக் கிலோ குறைந்தால் ஊருக்குள் சிக்னலில் நின்று கிளம்புவது, பள்ளத்தைப் பார்த்து வளைப்பது எல்லாமே சுலபமாகிவிடும்.

ஆனால் பஞ்சர் சாமானில் கை வைக்காதீர்கள். இன்னும் ரெண்டு நாள்தானே, இதெல்லாம் எதற்கு என்று மாற்று டியூபையும் பம்பையும் வழியில் பார்த்த பையனுக்குக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. நல்ல மனசுதான். ஆனால் இந்தக் கடைசி 175 கிலோமீட்டரில்தான் பஞ்சர் அதிகம். லாரி டயர் வெடித்துச் சிதறும்போது அதற்குள் இருக்கும் இரும்புக் கம்பி, தலைமுடி மாதிரி மெல்லிசாக, சாலை ஓரம் முழுக்க விழுந்து கிடக்கும், நாம் ஓட்டுவதோ அதே ஓரத்தில். இந்தக் கம்பி ஆணி மாதிரி உடனே காற்றை இறக்காது. டயருக்குள் மெல்ல மெல்ல ஏறி, நீங்கள் டீ குடித்துவிட்டு வரும்போது சக்கரம் தரையோடு உட்கார்ந்திருக்கும். டியூபை மாற்றிவிட்டுக் கம்பியை எடுக்காமல் விட்டால் பத்துக் கிலோமீட்டரில் மறுபடியும் அதே கதை. டயரின் உள்பக்கம் ஒரு பஞ்சையோ பழைய துணியையோ சுற்றித் தேய்த்துப் பாருங்கள், நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே கம்பி இருக்கிறது. விரலால் தடவினால் கம்பி விரலுக்குள் ஏறும். பிடுங்குவதற்குப் புருவம் எடுக்கிற சின்ன இடுக்கி ஒன்று போதும், எந்த ஃபேன்சி ஸ்டோரிலும் கிடைக்கும்.

பிரேக் கட்டையை இங்கேயே பாருங்கள். அதில் வெட்டியிருக்கும் பள்ளம் மறைந்துபோகிற அளவுக்குத் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். நெடுஞ்சாலையில் நாளெல்லாம் பிரேக் பிடிக்காமலேயே வந்திருப்பீர்கள், ஊருக்குள் நிமிஷத்துக்கு ஒரு தரம் பிடிக்க வேண்டும்.

செயின் விஷயம் நேர் எதிர். அளந்து பாருங்கள், ஆனால் மாற்றாதீர்கள். ஓர் ஊசியின் நடுவில் அடிக்கோலை வைத்து 24 ஊசி எண்ணினால் புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் இருக்கும். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அரை நூல் நீண்டிருந்தால் செயின் மாற்றும் நேரம் வந்துவிட்டது, ஒரு நூல் நீண்டிருந்தால் பின்பக்கப் பல்சக்கரமும் அதோடு சேர்ந்து தேய்ந்திருக்கும். தேய்ந்த பல்லின் மேல் புதுச் செயினைப் போட்டால், அழுத்தி மிதிக்கும்போது டக்கென்று நழுவும். மூலக்கடை சிக்னலில் பச்சை விழுந்து எழுந்து நின்று மிதிக்கிற நேரத்தில் அப்படி நழுவினால் நெஞ்சு ஹேண்டில்பாரில்தான் போய் விழும். பழைய செயினும் பழைய பல்லும் ஒன்றுக்கொன்று பழகியவை, துடைத்து எண்ணெய் போட்டால் வீடுவரை வந்துவிடும். மாற்றுகிற வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெல்லூரிலிருந்து பொன்னேரி வரை

சூலூர்பேட்டை வரை சொல்ல அதிகம் இல்லை. தேசிய நெடுஞ்சாலை 16, நேரான சாலை, கூடூரும் நாயுடுப்பேட்டையும் வரும், சாப்பாட்டுக்குக் குறையில்லை. காற்றுக்குத் தகுந்தபடி கிளம்பும் நேரத்தை வையுங்கள். மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து அடிக்கும் காற்று முதுகைத் தள்ளும், அது வரம். கோடையில் மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வந்து முகத்தில் அடிக்கும், அப்போது பன்னிரண்டு மணிக்குள் அன்றைய மிதியை முடித்துவிடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்களுக்கு ஒரே யோசனை, புயல் செய்தியைப் பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் நெல்லூரிலேயே இருந்துவிடுங்கள்.

தடா தாண்டி ஆரம்பாக்கத்தில் தமிழில் எழுதிய முதல் கடைப் பலகையைப் பார்த்ததும் கால் தானாக வேகம் எடுக்கும். எடுக்கட்டும், ஆனால் எளாவூர் சோதனைச்சாவடியில் லாரிகள் ஓரம் கட்டி நிற்கும், வரிசையிலிருந்து திடீரென்று கதவு திறக்கும், கிளீனர் குதிப்பார். நிற்கும் லாரியிலிருந்து ஒரு கதவு அளவு இடம் விட்டு ஓட்டுங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கமும் இதே கதை, இரும்பு ஆலைகளுக்குப் போகிற வண்டிகளிலிருந்து சிந்திய துண்டுகள் வேறு கிடக்கும்.

மேம்பாலம் வரும் இடங்களில் மேலே ஏறாதீர்கள். மேலே ஓரம் குறுகிவிடும், பின்னால் வருகிறவர் வேகத்தைக் குறைக்க மாட்டார். கீழே சர்வீஸ் ரோடில் இறங்குங்கள், அங்கே எதிர்த்திசையில் பைக்கும் ஆட்டோவும் மாடும் வரும், ஆனால் எல்லாம் மெதுவாக வரும். மெதுவாக வருகிற பத்துத் தொல்லையைச் சமாளித்துவிடலாம்.

தச்சூர், பஞ்செட்டி பக்கம் இடதுபுறம் திரும்பி ஆண்டார்குப்பம் வழியாகப் பொன்னேரிக்குள் போனால் நெடுஞ்சாலைச் சத்தம் சட்டென்று குறைந்துவிடும். வயல், குளம், ஆரணி ஆறு. மத்தியானத்துக்குள் அறைக்கு வந்துவிட்டால், பையை இறக்கி வைத்துவிட்டு வெறும் சைக்கிளில் பழவேற்காடு போய்விட்டு வரலாம், ஒரு பக்கம் 20 கிலோமீட்டர் இருக்கும். சில்காவுக்கு அடுத்தபடி நாட்டின் பெரிய உப்பங்கழி ஏரி அது, குளிர்காலத்தில் பூநாரைகள் நிற்கும், டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கோட்டையின் மிச்சமும் அவர்களுடைய கல்லறைகளும் உண்டு. சோர்வாக இருந்தால் போக வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்தே வரக்கூடிய தூரம்தானே. அறையில் கால் நீட்டிப் படுப்பதும் பயணத்தில் சேர்த்திதான்.

ஒரு முக்கியமான விஷயம். சூலூர்பேட்டையிலிருந்து வீடுவரை ரயில் பாதை உங்கள் கூடவே வருகிறது. தடா, ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர், விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று வரிசையாக ஸ்டேஷன். காய்ச்சலோ, சக்கரம் கோணிப் போனதோ, பேய் மழையோ, எதுவாக இருந்தாலும் பக்கத்து ஸ்டேஷனில் போய்ச் சைக்கிளை ஏற்றிக்கொள்ள வழி உண்டா என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேளுங்கள், கூட்டமில்லாத மதிய நேரமாகப் பாருங்கள். கடைசி 30 கிலோமீட்டரை ரயிலில் வந்தால் பயணம் பயணமில்லை என்று ஆகிவிடுமா என்ன? அப்படிச் சொல்கிறவர்கள் கன்டெய்னருக்குப் பக்கத்தில் சைக்கிள் ஓட்டிப் பார்க்காதவர்கள்.

கடைசிக் காலை

விடிந்ததும் கிளம்புங்கள். தை மாதம் என்றால் ஆறரைக்குத்தான் வெளிச்சம் வரும், வைகாசியில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் விடிந்துவிடும். இருட்டில் கிளம்பாதீர்கள், ராத்திரி முழுக்க ஓட்டிய டிரைவர்களுக்குக் கண் சொருகும் நேரம் அது. பின்பக்கச் சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும்.

வழியை வீடு எங்கே என்பதை வைத்து முடிவு செய்யலாம். பெரம்பூர், வியாசர்பாடி, கொளத்தூர் ஆட்கள் பொன்னேரிக்கே வராமல் கும்மிடிப்பூண்டியில் தங்கிவிட்டு நெடுஞ்சாலையிலேயே காரனோடை, சோழவரம், செங்குன்றம், புழல், மாதவரம் என்று வந்துவிடலாம். அதில் செங்குன்றமும் மாதவரம் ரவுண்டானாவும்தான் கண்டம். ரவுண்டானாவில் வீரம் காட்டாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு கடந்துவிடுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். மழை நாளில் கணேசபுரம் சுரங்கப்பாதை பக்கம் தலை வைத்துப் படுக்காதீர்கள், தண்ணீர் முட்டிவரையா இடுப்புவரையா என்பது இறங்கிய பிறகுதான் தெரியும். வீடு தாம்பரம் பக்கம் என்றால் மீஞ்சூரிலிருந்து வண்டலூருக்கு 400 அடி சாலை இருக்கிறது, 62 கிலோமீட்டர், நிழலே கிடையாது. அது வேறு கட்டுரை.

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் ஆட்களுக்கு டி.பி.பி. ரோடுதான், அதாவது திருவொற்றியூர்-பொன்னேரி-பஞ்செட்டி சாலை. பொன்னேரி, மீஞ்சூர், மணலி புதுநகர், எம்.எஃப்.எல். உரத் தொழிற்சாலைச் சந்திப்பு, சாத்தாங்காடு, அப்புறம் திருவொற்றியூர். மீஞ்சூர் வரை பிரச்சினை இல்லை, அங்கே ஒரு டீ குடித்து, தண்ணீர் பாட்டிலை நிரப்பி, காதில் எதுவும் மாட்டியிருந்தால் கழற்றி உள்ளே போட்டுவிடுங்கள். இனிமேல் காதும் வேலை செய்ய வேண்டும். காட்டுப்பள்ளி, எண்ணூர்த் துறைமுகங்களுக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் போய்வரும் பெட்டி லாரி எல்லாம் இந்தப் பக்கம்தான்.

டிரெய்லர் லாரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மணலி புதுநகர் டீக்கடையில் ஒரு டிரைவர் அண்ணனிடம் பேச்சுக் கொடுத்தபோது, "சும்மா மேல ஏறி உட்கார்ந்து பாரு தம்பி" என்று கேபினில் ஏற்றிவிட்டார். என் சைக்கிள் லாரியின் இடதுபக்க முன் சக்கரத்தை ஒட்டிச் சாய்த்து நிறுத்தியிருந்தது. சீட்டில் உட்கார்ந்து இடதுபக்கக் கண்ணாடியைப் பார்த்தேன், இல்லை. எட்டிப் பார்த்தேன், இல்லை. கதவு, கதவுக்கு வெளியே மஞ்சள் பூ மாலை, அதற்கப்பால் சாலை. பெரிய பையோடு நிற்கும் முழுச் சைக்கிள் அங்கே இல்லவே இல்லை. "ஹாரன் அடிக்கறது உன்னைத் திட்டறதுக்கு இல்ல, நீ எங்க இருக்கேன்னு தெரியாமதான்" என்றார் அவர்.

ஆக, லாரிக்கு இடதுபக்கம் உள்ளே நுழையவே கூடாது. வரிசையாக நிற்கிறதே, இடதுபக்கம் சந்து இருக்கிறதே, புகுந்து போய்விடலாமே என்று தோன்றும், அந்தச் சந்துதான் ஆளை எடுப்பது. டிரெய்லர் இடப்பக்கம் திரும்பும்போது முன்பகுதி அகலமாகச் சுற்றும், பின்னால் இருக்கிற பெட்டியோ அந்த வளைவில் வராமல் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், சந்து அப்படியே மூடிக்கொள்ளும். லாரிக்குப் பின்னால், டிரைவரின் கண்ணாடியில் உங்கள் முகம் தெரிகிற மாதிரி தள்ளி நில்லுங்கள். கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரிந்தால் அவருக்கும் நீங்கள் தெரிவீர்கள். வரிசை கிலோமீட்டர் கணக்கில் நின்றுவிட்டால் இறங்கி, மண் ஓரத்தில் தள்ளிக்கொண்டு நடக்கலாம்.

மணலிப் பக்கம் சரக்கு ரயில் தண்டவாளங்கள் சாலையை அங்கங்கே குறுக்கே வெட்டும், சில இடத்தில் சாய்வாக. சக்கரம் தண்டவாளப் பள்ளத்தில் இறங்கினால் கண் மூடித் திறப்பதற்குள் விழுந்துவிடுவீர்கள். பின்னால் வண்டி வருகிறதா பார்த்துவிட்டு, கொஞ்சம் வளைத்துக்கொண்டு, தண்டவாளத்தை நேர்க்குத்தாகக் கடக்க வேண்டும், பிரேக் பிடிக்காமல், மிதிக்காமல். ஈரமாக இருந்தால் இறங்கிவிடுங்கள். சாத்தாங்காடு இரும்புச் சந்தையைத் தாண்டும்போது டயரை ஒருமுறை பாருங்கள்.

திருவொற்றியூர் வந்த பிறகு ரெண்டு வழி. கடலை ஒட்டிய எண்ணூர் விரைவுச் சாலை, இல்லையென்றால் மெட்ரோ தூண்களுக்குக் கீழே போகும் டி.எச். ரோடு, அதாவது திருவொற்றியூர் நெடுஞ்சாலை. கடல் பார்த்துக்கொண்டே வீடு சேர வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை இருக்கும், எனக்கும் பிடித்தது அதுதான், ஆனால் ஞாயிறு காலையில் காசிமேட்டில் மீன் வாங்க ஊரே திரண்டிருக்கும், மீன் வண்டியிலிருந்து சொட்டிய தண்ணீரில் ரோடு சோப்புப் போட்ட மாதிரி வழுக்கும். அந்த நாளில் தேரடி, காலடிப்பேட்டை, டோல்கேட் என்று டி.எச். ரோடிலேயே போய்விடுங்கள். கடலைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் திருவொற்றியூரில் கல் கொட்டிய கரைப் பக்கம் ஒரு பத்து நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பலாம், பட்டினத்தார் சமாதியும் அங்கேதான் இருக்கிறது. ஊர் ஊராகச் சுற்றிய மனுஷன் கடைசியில் நம்ம திருவொற்றியூரில் வந்துதான் உட்கார்ந்தார் என்பதில் எனக்கு ஒரு சின்ன கர்வம்.

வீட்டுக்குள் வந்த பிறகு

ஆரத்தி, திருஷ்டி சுற்றுவது, தெருப் பசங்கள் சைக்கிளைச் சுற்றி நின்று "அண்ணா, எவ்ளோ ரூபா?" என்று கேட்பது எல்லாம் நடக்கட்டும். குளித்து, சாப்பிட்டு, தூங்கப் போவதற்கு முன்னால் பைகளைக் கொட்டிக் காலி செய்துவிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று மூலையில் வைத்தால் அது ஒரு வாரம் அங்கேயே இருக்கும், ஈரத் துணியும் பாதி தின்ற பழமும் சேர்ந்து நாறும். கூடாரம் பார்சலில் வந்திருந்தால் மொட்டை மாடியில் விரித்து நிழலில் காயவையுங்கள், மடித்தே வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

சைக்கிள் கழுவுவதில் வடசென்னைக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. போர் தண்ணீரில் கழுவாதீர்கள். மீஞ்சூர்ப் பக்கமிருந்து கடல்நீர் நிலத்தடிக்குள் ஏறியது பழைய கதை, நம் பக்கம் நிறைய வீட்டுப் போரில் வருவது உப்புத் தண்ணீர்தான். கடற்காற்றின் உப்பைக் கழுவப் போய் இன்னும் கொஞ்சம் உப்பைப் பூசின மாதிரி ஆகும். மெட்ரோ தண்ணீர் அரை வாளி போதும், துணியில் நனைத்துத் துடைத்து, உடனே காயவைத்து, செயினுக்கும் கேபிள் நுனிகளுக்கும் போல்டு தலைகளுக்கும் ஒரு சொட்டு எண்ணெய். சீட்டுத் தண்டைக் கழற்றிக் கிரீஸ் தடவிப் போடுங்கள், இல்லையென்றால் அடுத்த வருஷம் அது பிரேமோடு ஒட்டிக்கொண்டு வராது.

உடம்புக்கு வருவோம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போயிருக்கும். உள்ளங்கை ஓரத்தில் ஓடும் நரம்பு ஹேண்டில்பாரில் நாள்கணக்கில் அழுந்தியதால் வருவது அது. பெரும்பாலும் சில வாரங்களில் தானாகச் சரியாகும். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, சாவி திருப்ப முடியவில்லை என்கிற அளவுக்குப் பலம் குறைந்தால் மட்டும் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே பேர் போன தனித் துறை இருக்கிறது, நமக்குப் பக்கம்தான். சீட் உராய்ந்த புண்ணுக்குச் சுத்தமும் காற்றும்தான் மருந்து, ஒரு வாரம் வீட்டில் லுங்கியோடு திரியுங்கள்.

பசி மட்டும் உடனே நிற்காது. மிதித்த நாட்களில் தின்ற அளவையே வயிறு இன்னும் ஒன்றிரண்டு வாரம் கேட்கும். முதல் ரெண்டு நாள் கேட்டதைக் கொடுங்கள், பீச் ஸ்டேஷன் எதிரில் பர்மா நூடுல்ஸான அத்தோவும் உண்டு, வீட்டு வஞ்சிரமும் உண்டு, அப்புறம் சோற்றைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். தூக்கமும் தாறுமாறாக இருக்கும், விடியற்காலை நாலரைக்கு முழிப்பு வந்து எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ஒரு வெறுமை வரும். எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்கள், கேட்க வந்தவர்கள் கேட்டு முடித்திருப்பார்கள், அடுத்த ஊர் என்று ஒன்று இருக்காது. இது வரும் என்று தெரிந்திருந்தாலே பாதி குறையும். முடிந்தால் வந்த மறுநாளே வேலைக்குப் போகாமல் ரெண்டு மூன்று நாள் லீவை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள், அதே சமயம் அந்த நாட்களைச் சும்மாவும் விடாதீர்கள். போட்டோக்களை வேறு இடத்தில் ஒரு படி எடுத்து வையுங்கள். செலவுக் கணக்கை எழுதுங்கள், ஒரு மாதம் போனால் ஒன்றும் ஞாபகம் இருக்காது. வழியில் சோறு போட்டவர்கள், ஷெட்டில் படுக்க இடம் கொடுத்தவர்கள் நம்பர் வாங்கியிருப்பீர்கள், அவர்களுக்குப் போன் போட்டு வந்து சேர்ந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். தெலுங்கு அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, அவர்களில் பாதிப்பேர் நிஜமாகவே கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் சைக்கிளை எடுத்து ஒரு சின்னச் சுற்று போய்வாருங்கள். எண்ணூர் தாழங்குப்பம் வரை போதும், காலாற. ஒன்று கவனம்: பின்னால் பையோடு நாள்கணக்கில் ஓட்டிய கைக்கு வெறும் சைக்கிள் ரொம்ப லேசாக இருக்கும், ஹேண்டிலை லேசாகத் தொட்டாலே திரும்பும், முதல் அரை மணி நேரம் தள்ளாடும். அதனால் அந்த முதல் சுற்றை டி.எச். ரோடில் வைத்துக்கொள்ளாமல் உள் தெருக்களில் ஆரம்பியுங்கள். திரும்பி வரும் வழியில் சைக்கிள் கடையில் விட்டு, செயின், பல்சக்கரம் ரெண்டையும் சேர்த்து மாற்றி, பின் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து, தளர்ந்த ஸ்போக்ஸை இறுக்கச் சொல்லிவிடலாம். சுமை ஏற்றி வந்த பின் சக்கரத்தில் செயின் பக்கத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள், சத்தம் வித்தியாசமாக வருகிற கம்பியைச் சாக்பீஸால் குறித்துவிட்டால் கடைக்காரருக்கும் வேலை சுலபம்.